இடது பக்கத்துக்கு வேணாம்

கதவைச் சாத்துங்கடா, சாரல் உள்ள அடிக்குது. ஸ்டவ்வை இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளு. அந்தக் கணவாய் மீனையும் திருப்பிப் போடு, கருகுது.

யாசு, போனை உள்ள வை. சாயங்காலத்துலேர்ந்து ரோல் கேஜ் படமா தள்ளிக்கிட்டு இருக்கே. பச்சையா மஞ்சளா... டாஷ்போர்டை வெட்டி விடணுமா, சுத்தி வளைச்சுக்கலாமா... கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது புளிச்சுப் போச்சு. அதுகூடப் பரவாயில்ல. சாப்பிடும்போது ஒண்ணு சொன்னியே. "வலது பக்கம் மட்டும் சைடு பார் போட்டுக்கறேன், இடது பக்கம் யாரு உக்காரப் போறா"ன்னு. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. உன்னை அடிக்கக் கூடாதுன்னுதான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அதனால கதை சொல்றேன். நடுவுல வாயைத் தொறந்தே, மழையிலதான் தூங்குவே.

நம்ம கசுயா இருக்கான்ல, டயர் மாத்துறவன். அவனோட சித்தி பொண்ணு சிசுருவுக்கு நடந்தது இது.

ராத்திரி ரெண்டேகால் மணி. நவம்பர் கடைசி. நாம ஏறி வந்தோமே, இதே அபுகுமா மலை ரோடு. எதிர்ல ஒரு வண்டி கிடையாது. ரெண்டு பக்கமும் சீடர் மரம், கீழ ஈர இலை. சிசுரு தனியா ஓட்டிக்கிட்டு வர்றா. அவ வண்டி இல்ல, கஸ்டமர் வண்டி. உள்ள புதுசா ரோல் கேஜ் போட்டிருக்கு, பெயிண்ட் வாசனை கூடப் போகல. விடிஞ்சதும் ஆள் வந்துடும், அதுக்குள்ள நாம இப்போ இருக்கற இந்த டிராக்குல கொண்டாந்து நிறுத்தணும்.

வண்டியில அவ மட்டும்தான். இடது சீட்டு காலி.

காலின்னுதான் அவ நெனச்சிருந்தா...

இருங்க. அந்த வண்டி யாரோடதுன்னு சொல்லாம மேல போக முடியாது.

சிசுரு வெல்டிங் வேலை பாக்குறவ. மலை அடிவாரத்துல ஒனோதான்னு ஒருத்தர் பட்டறை வச்சிருந்தார். வளைவுல சறுக்க விட்டு ஓட்டுவாங்களே, அங்க வர்ற அந்த டிரிஃப்ட் வண்டிக்கெல்லாம் குழாய் வளைச்சு, வெட்டி, கூண்டு கட்டுறது அவதான். வண்டி குப்புற விழுந்தாலும் கூரை தலையில இறங்காம தாங்கணும், கதவுல இடிச்சாலும் உள்ள வராம நிக்கணும். அதுக்குத்தான் கேஜ், கதவுக்குக் குறுக்க வர்ற குழாய்தான் சைடு பார். சும்மா அழகுக்கு இல்ல... யாசு, உன்னைத்தான்.

அவளுக்கு ஒரே தம்பி, ஷிங்கோ. இடது கைக்காரன். அவ கல்யாணத்துக்கு முன்னாடி அக்காகிட்டயே வெல்டிங் கத்துக்கிட்டான். கோழி கிளறிவிட்ட மாதிரி கோணல் மாணலா வைப்பான். "இதை வெல்டுன்னு வெளிய சொல்லாதடா, எனக்கு அசிங்கம்"னு அவ திட்டுவா. "அசிங்கமா இருந்தா என்னக்கா, பிடிச்சுக்கிச்சுன்னா விடாது"ன்னு இவன் சிரிப்பான். குளிர்காலம் வந்துட்டா கையில எப்பவும் சூடா ஒரு டின் சோள சூப். மெஷின்ல காசு போட்டு எடுத்து, குடிக்காம கன்னத்துல வச்சுக்கிட்டே திரிவான்.

அந்த ராத்திரிக்கு மூணு வருஷம் முன்னாடி இந்த டிராக்குல ஒரு வழக்கம் இருந்துச்சு. கேஜ் இருக்கற வண்டின்னா பக்கத்து சீட்டுல ஆள் ஏத்திக்கலாம். கேஜ் இல்லன்னா கூடாது. டிராக் ஆள் ஒருத்தர் வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாப்பார், குழாய் தெரியுதா, ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். முடிஞ்சது. எந்தப் பக்கம் சைடு பார் இருக்கு, எந்தப் பக்கம் இல்லன்னு யாரும் பாக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்களைத்தான் தெரியுமே. தன் பக்கம் மட்டும் பார் போட்டுக்கறது, ஸ்டிக்கரை வாங்கிக்கறது, அடுத்தவன் பிள்ளையை இடது பக்கம் ஏத்திக்கறது. எத்தனை வண்டி அப்படி ஓடுச்சு! நெனச்சா இப்பவும் ரத்தம் கொதிக்குது.

மகபேன்னு ஒருத்தன். அவன் வண்டியில ஷிங்கோ ஏறினான். மூணாவது வளைவுல வண்டி பக்கவாட்டுல போயி, காங்கிரீட் சுவத்து முனையில இடது கதவு மோதிச்சு. கதவு அப்படியே உள்ள வந்துடுச்சு. தடுக்க அங்க என்ன இருக்கு, வெறும் தகரம். மகபேக்கு ஒரு கீறல் இல்ல.

இறங்கி வந்து சொல்றான்... "அவன் பெல்ட் போடல. நான் போடச் சொன்னேன், கேக்கல."

சிசுரு அப்போ ஷிசுவோகாவுல, புருஷன் வீட்டுல இருந்தா. ராவோட ராவா வந்து தம்பியைப் பாத்தா. ரெண்டு தோள்லயும் பட்டை பட்டையா ஊதாத் தடம். பெல்ட் அழுத்துன தடம்! போடாத பெல்ட்டு எப்படிடா தோள்ல பதியும்? யார்கிட்டச் சொல்றது, யார் கேப்பாங்க? செத்தா என் பொறுப்புன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தானே உள்ள வர்றோம். சாவுக்கு மகபே வரல. ஊதுபத்தி ஏத்தக்கூட வரல.

அப்புறம் புருஷனோட சரிப்பட்டு வரல, பிரிஞ்சுட்டா. பேரு மட்டும் அந்த வீட்டுப் பேரு, தம்பியோட சேத்து யாரும் யோசிக்க மாட்டாங்க. அப்படியே இங்க வந்து ஒனோதா பட்டறையில சேந்தா. ஷிங்கோவோட அக்கான்னு ஒருத்தருக்கும் சொல்லல. வேலை தேடி வந்தாளா, அவனைத் தேடி வந்தாளா... அவளுக்கே தெரியாது.

வந்தான். அக்டோபர்ல ஒருநாள் புது வண்டியோட மகபே அந்தப் பட்டறைக்கு வந்தான். கூட நட்சுகின்னு ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, வந்ததும் எல்லாருக்கும் குனிஞ்சு வணக்கம் வச்சுது.

ஒனோதா குழாய்த் துண்டுகளை மேசையில பரப்பினார். "சாதா இரும்புல போடலாம். இல்லன்னா இது, குரோமோலி, மெல்லிசு ஆனா கெட்டி. எது வேணும்?"

"எது போட்டோவுல நல்லா விழும்?"

"போட்டோவுல எல்லாம் ஒண்ணுதான்."

"அப்போ சாதாவே போடுங்க. கலர்தான் முக்கியம். நல்ல திராட்சை ஊதா."

"சீட்டுக்குப் பின்னால குறுக்குக் குழாய் ரெண்டு போடறேன்."

"ஒண்ணு போதும். ரெண்டு போட்டா ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கும்."

சிசுரு மூலையில நின்னு அரத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. முகத்தைப் பாக்காமலே கேட்டா. "சைடு பார் ரெண்டு பக்கமும்தானே?"

"என் பக்கம் மட்டும் போடுங்க. இடது பக்கத்துக்கு வேணாம்."

"ஏன்?"

"இவ்வளவு உயரத்துக்குக் குழாய் நின்னா, காலைத் தூக்கிப் போட்டுல்ல ஏறணும்? பாவாடை கட்டிக்கிட்டு வர்ற பொண்ணு எப்படி ஏறும்? ஏறாமலே போயிடும்." சிரிக்கிறான். நட்சுகி அவன் முழங்கையில ஒண்ணு வச்சா.

"இடிச்சுதுன்னா?"

"இடிக்கிற மாதிரி நான் ஓட்ட மாட்டேன் அக்கா."

"இதுக்கு முன்னாடி இடிச்சதே இல்லையா?"

மகபே தோளைக் குலுக்கிட்டுச் சொன்னான். "ஒரு தடவை. பக்கத்துல இருந்தவன் பெல்ட் போடல. அவன் தப்பு."

சிசுரு பின்பக்கம் போயிட்டா. குழாய் அடுக்கு இருக்கற இடத்துல நின்னு, ஒரு குழாயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. அதை எடுத்துக்கிட்டு அவ முன்னால வந்திருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். வரல. ஒனோதா உள்ள வந்தார்.

"முதலாளி, அவனுக்கு நாம போட வேணாம். ரெண்டு பக்கமும் கேட்டா போடலாம், இல்லன்னா திருப்பி அனுப்புங்க."

"அனுப்பினா அடுத்த பட்டறைக்குப் போவான். அந்தப் பட்டறைக்காரன் இதைக்கூட ஒழுங்கா வைக்க மாட்டான். கேட்டதைச் செஞ்சு குடு, அவ்வளவுதான் நம்ம வேலை." சொல்லிட்டு அவர் டீ போடப் போயிட்டார். கேட்டதைச் செஞ்சு குடுக்கறதாம்! நல்ல நியாயம்.

சரின்னு அவ செஞ்சா. ஒவ்வொரு குழாயையும் வளைச்சு, முனையைக் குடைஞ்சு, பொருத்தி, வெல்டு வச்சா. கடைசி நாள் ராத்திரி ஒனோதா வீட்டுக்குப் போயாச்சு. மிச்சம் இருந்தது வலது சைடு பார் மட்டும். மகபேயோட பார்.

அவ மெஷின்ல கரண்ட்டைக் குறைச்சா.

வெல்டிங் தெரிஞ்சவனுக்குப் புரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கரண்ட் குறைவா வச்சா மேல மீன் செதில் அடுக்கின மாதிரி அழகா வரும். ஆனா உள்ள இரும்பு இரும்பைப் பிடிச்சிருக்காது. வெறும் ஒட்டு. ஒரு இடி வாங்கினா உரிஞ்சுக்கிட்டு வந்துடும். அதுவும் அந்தப் பக்கம் உக்காந்து ஓட்டறவன் இடுப்புக்கு நேரா, ஈட்டி மாதிரி.

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் வச்சா. கொலைன்னும் தெரியும். இருக்கறதுலயே அழகான வெல்டு அன்னிக்குத்தான் விழுந்துச்சாம். மேல ஊதா பெயிண்ட்டை அடிச்சு, விளக்கை வச்சுக் காய வச்சு, அந்த வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா.

இப்போ ரோட்டுக்கு வர்றேன்.

ரெண்டேகால். வண்டி மலை ஏறுது. பெயிண்ட் வாசனைக்கு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டிருந்தா. குளிர் காத்து. வாசனை குறைஞ்சுது... அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வந்துச்சு.

சோள சூப். சூடா.

அப்பத்தான் யாரோ டின்னைத் தொறந்த மாதிரி, இனிப்பா, பால் வாடையோட. ஜன்னலை ஏத்தினா. இன்னும் அதிகமா வந்துச்சு. அவ இடது பக்கம் திரும்பல. ரோட்டையே பாத்தா. ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிச்சா.

அப்புறம் சத்தம்.

டிங்... டிங்... டிங்.

கேஜைத் தட்டற சத்தம். விரல் முட்டியால தட்டிக்கிட்டே ஒவ்வொரு குழாயா வர்ற மாதிரி. தலைக்கு மேல... பின்னால... அப்புறம் அவளோட வலது பக்கம். முழங்காலுக்குக் கிட்ட, அந்த சைடு பார் முன்னால போய்ச் சேர்ற இடம்.

டொப்.

மறுபடியும் அதே இடம். டொப். மத்த இடமெல்லாம் மணி மாதிரி கேக்குது, அங்க மட்டும் மொட்டைச் சத்தம். வெல்டு பிடிக்காத இடத்துல அப்படித்தான் கேக்கும். அவளே அவனுக்குச் சொல்லிக் குடுத்தது.

"கை வைக்காத"ன்னா அவ. வாய்விட்டுத்தான் சொன்னா. பயத்துல இல்ல, கோவத்துல.

சுரங்கப் பாதை வந்துச்சு. நீளமானது, உள்ள பாதி விளக்கு எரியாது. நடுவுல போறப்போ வண்டிக்குள்ள வெளிச்சம் அடிச்சுது. நீல வெள்ளை. பட்... பட்... பட்டுனு. எண்ணெயில ஏதோ பொரியற மாதிரி சர்ர்ர்னு சத்தம். வெல்டிங் வெளிச்சம் வந்தா இந்தத் தொழில்ல இருக்கறவங்க யோசிக்கவே மாட்டாங்க, தலை தானா திரும்பும், கண்ணு தானா மூடும். அவளும் மூடிட்டா. வண்டி ஓடிக்கிட்டு இருக்கு! கண்ணை மூடிக்கிட்டே பிரேக்கை மிதிச்சா. டயர் கத்திக்கிட்டே போயி சுரங்கத்துக்கு வெளிய வந்து நின்னுச்சு.

இருட்டு. சத்தம் இல்ல. பெயிண்ட் கருகின நாத்தம்.

கதவைத் தொறந்து குதிச்சா. கொஞ்ச தூரம் ஓடி நின்னு, அப்புறம் திரும்பி வந்து, இடது ஜன்னல் வழியா டார்ச்சை அடிச்சா.

இடது சீட்டு பெல்ட்டை அவ தொங்க விட்டுட்டு வந்திருந்தா. இப்போ மாட்டியிருக்கு. நாலு பட்டையும் நடுவுல பூட்டி... இறுக்கமா. சீட்டு மேல படிஞ்சு கிடக்கல. சீட்டுக்கு ஒரு சாண் முன்னால, காத்துல வளைஞ்சு நிக்குது. தோள் ரெண்டு. நெஞ்சு. வயிறு. உள்ள ஒண்ணும் இல்ல.

மூச்சு விட்டா எப்படி ஏறி இறங்கும்... அப்படி ஏறி இறங்குச்சாம்.

"ஷிங்கோ"ன்னா. "உனக்காகத்தாண்டா பண்றேன். அவனை விட மாட்டேன். நீ போ."

உள்ளேர்ந்து ஒரு தட்டு. வலது பக்கம், அதே இடத்துல. "சரி அக்கா"ன்னு அவன் சொன்னதா அவ எடுத்துக்கிட்டா. நம்ம மனசுல என்ன ஓடுதோ அதைத்தானே காது கேக்குது. அந்தத் தட்டு டொப்புன்னு கேட்டுச்சா, டிங்குன்னு கேட்டுச்சான்னு கசுயா கேட்டதுக்கு, கவனிக்கலன்னா.

வண்டியைக் கொண்டாந்து இங்க நிறுத்திட்டு, இதே ரூம்ல, அதோ அந்த மூலையில விடியற வரைக்கும் உக்காந்திருந்தா. கண்ணு ரெண்டும் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிஞ்சுது. கண்ணாடி இல்லாம வெல்டிங்கைப் பாத்துட்டா மறுநாள் எரியுமே, அந்த எரிச்சல். அவ முகமூடி இல்லாம வெல்டு வச்சதே கிடையாது.

காலையில மகபே வந்தான். பின்னாலயே நட்சுகி. அவ கையில ஹெல்மெட். அவதான் ஓட்டறவங்க போடற உடுப்புப் போட்டிருக்கா.

மகபே எல்லாரையும் கூப்பிட்டு சத்தமா சொன்னான். "இன்னிக்கு இவளுக்குப் பொறந்தநாள். வண்டி இவளுக்குத்தான். இவ ஓட்டப் போறா, நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரப் போறேன்."

சிசுருவுக்கு அப்பத்தான் உறைச்சுது. வலது பக்கம் அந்தப் பொண்ணு! அந்த வெல்டுக்குப் பக்கத்துல அந்தப் பொண்ணோட இடுப்பு!

ஓடிப் போயி வண்டிக்கு முன்னால நின்னா. "ஓட்டாதீங்க. வலது பார் வெல்டு சரியில்ல."

"என்னது?"

"பிடிக்கல. இடிச்சா உரிஞ்சிடும். நான்தான் வச்சேன், எனக்குத் தெரியும்."

ஒரு வெல்டிங்காரி பத்துப் பேர் முன்னால தன் வெல்டு சரியில்லன்னு சொல்றான்னா, அதோட அவ பொழப்பு போச்சு. சொன்னா. மகபேக்குக் கோவம் ஏறிடுச்சு. "காசு வாங்கறப்போ தெரியலையா? பைத்தியமா நீ?"

அவ யாரோடதோ டூல் பாக்ஸ்லேர்ந்து பெரிய சுத்தியலை எடுத்தா, வலது கதவைத் தொறந்தா, அந்த மூட்டுல ஓங்கி ஒண்ணு வச்சா. உரிஞ்சு விழுந்துடும், எல்லாரும் பாக்கட்டும்னு.

டிங்.

மறுபடியும், உடம்புல இருக்கற பலமெல்லாம் சேத்து. டிங்ங்... பார் அசையல.

அப்பத்தான் குனிஞ்சு பாத்தா. மூட்டைச் சுத்தி ஊதா பெயிண்ட் எரிஞ்சு உரிஞ்சிருக்கு. வண்டி மேல முழுக்க வெள்ளையா உறைபனி, உள்ள குழாய்லயும் லேசா பூத்திருக்கு. அந்த ஒரு இடத்துல மட்டும் இல்ல. அவ வச்ச மீன் செதில் வெல்டும் இல்ல. கோணல் மாணலா, கோழி கிளறின மாதிரி ஒரு வெல்டு. இடது கைக்காரன் வச்சா ஓடற பக்கமா ஓடுது. அடி வரைக்கும் இறங்கியிருக்கு. கையுறையைக் கழட்டிட்டுத் தொட்டா.

சுட்டுது. உள்ளங்கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, கசுயா பாத்திருக்கான்.

"பெயிண்ட்டை எரிச்சு வச்சிருக்கா பாருங்க!" மகபே கத்தறான். "இடது பக்கமும் பார் வாங்கிக்கலன்னு இவளுக்கு வயித்தெரிச்சல். அதுக்குத்தான் இந்த நாடகம்." நாலு பேர் சிரிச்சாங்க.

சிசுருவுக்கு யார் மேல கோவம் வந்துச்சு தெரியுமா? தம்பி மேல. செத்துப் போயும் இவனையாடா காப்பாத்தறே? மூணு வருஷம் நான் தூங்காம கிடந்தது இதுக்கா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. அழுகை வேற வருது.

அதுக்குள்ள நட்சுகி வலது பக்கம் ஏறிட்டா. மகபே சுத்திப் போயி இடது கதவைத் தொறந்தான். ஏற ஒரு சிரமமும் இல்ல, குறுக்க எதுவும் இல்லையே. சுகமா உக்காந்தான். பெல்ட்டைப் பூட்டினான்.

அப்போ புரிஞ்சுது அவளுக்கு. ஷிங்கோ எந்தப் பக்கத்தைக் கெட்டியாக்கி வச்சிருக்கான்... எந்தப் பக்கத்தை அப்படியே விட்டிருக்கான்னு.

அவ்வளவு கோவத்துலயும் அவ சொன்னா. அதை நான் சொல்லித்தான் ஆகணும். ஓடிப் போயி இடது ஜன்னலைத் தட்டினா. "இறங்குங்க. உங்க பக்கம் பார் இல்ல."

மகபே கண்ணாடியை ஏத்திக்கிட்டே சிரிச்சான். "தெரியும் அக்கா. வேணாம்னு நான்தானே சொன்னேன்."

வண்டி போச்சு.

மூணாவது வளைவு. நட்சுகி மெதுவாத்தான் வந்தா, அவ மேல தப்பு இல்ல. வண்டி பின்னால கொஞ்சம் விலகுச்சு, அவ ஸ்டீரிங்கைத் திருப்பினா, திரும்பல. இடது கதவு நேரா அந்தச் சுவத்து முனைக்குப் போச்சு. அவளுக்கு ஒரு கீறல் இல்ல. நடுங்கிக்கிட்டே ஒண்ணு மட்டும் சொன்னா. "தள்ளு, தள்ளுன்னு கத்திக்கிட்டே இருந்தார். என்னைத்தான் சொல்றார்னு நெனச்சேன். என்னைப் பாத்துச் சொல்லல... தன் மடியைப் பாத்துச் சொன்னார்."

மகபே சாகல. இடுப்புக்குக் கீழ போயிடுச்சு, உயிர் இருந்துச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு சிசுரு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனா. நலம் விசாரிக்க இல்ல, திட்ட. சாவு வீட்டுல சொல்ல முடியாதது, பட்டறையில சொல்ல முடியாதது, எல்லாம் சேத்து வச்சிருந்தா. காலு போயிடுச்சேன்னு பரிதாபம் கொஞ்சமும் வரலன்னு கசுயாகிட்ட வெளிப்படையாவே சொன்னா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

ரூம்ல மகபே மட்டும் படுத்திருந்தான். நல்ல அகலமான கட்டில். அவன் வலது ஓரத்துல, விழுந்துடற மாதிரி ஒண்டிக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கறான். அவ கட்டிலைச் சுத்தி ஜன்னல் பக்கம் போகப் பாத்தா.

"இந்தப் பக்கமா வாங்க"ன்னான். குரலே இல்ல. "அங்க ஆள் இருக்கு."

பாத்தா. யாரும் இல்ல. வெள்ளைப் படுக்கை. ஆனா மெத்தை அந்தப் பாதியில அமுங்கியிருக்கு. தோள் இருக்கற இடம்... இடுப்பு இருக்கற இடம்... குதிகால் ரெண்டு சின்னக் குழி.

"போகவே மாட்டேங்கறான்"னான் மகபே. "தள்ளுன்னா தள்ள மாட்டேங்கறான். நர்ஸ்கிட்டச் சொன்னா ஊசி போடறாங்க. யாருன்னே தெரியல."

"முகத்தைப் பாத்தா தெரியலையா?"

"காட்டினாத்தானே. வந்ததுலேர்ந்து ஜன்னல் பக்கமே பாத்துப் படுத்திருக்கான்."

"என் தம்பி."

மகபே அவளையே பாத்தான். வாய் கோணிக்கிட்டுப் போச்சு. "போட்டிருந்தான்"னான். "பெல்ட் போட்டிருந்தான். நான்தான் பொய் சொன்னேன். போதுமா? தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிடுங்க."

அவ சுத்தி வந்து அந்தக் குழி மேல கை வச்சா. ஜில்லுன்னு இருந்துச்சு. "டேய், வீட்டுக்குப் போலாமா"ன்னு மெதுவாக் கேட்டா. கையை எடுக்காம நின்னா. ஜன்னல்ல திரைச்சீலை ஆடுச்சு. மெத்தை எழும்பல.

கையை எடுத்துட்டு மகபேயைப் பாத்தா. "அவனுக்கு இங்கதான் இருக்கணுமாம். இருக்கட்டும்"னா.

அவன் என்னமோ கெஞ்சறான், இவ காதுல வாங்கல. கதவுகிட்டப் போயி கைப்பிடியில கை வைக்கறா... பின்னால கட்டில் கிரீச்சுன்னுச்சு.

திரும்பிப் பாத்தா. மகபே அசையவே இல்ல. பக்கத்துல மெத்தைக் குழி மட்டும் மெதுவா நகருது. ஜன்னல் பக்கம் படுத்திருந்தது... அவன் பக்கம் திரும்பிப் படுக்குது.